மண்ணாங்கட்டி வண்டி பாறை ஏறிய கதை

வழக்கமாகப் பழைய புதுச்சேரி, அலுவலக நினைவுகள், எங்கள் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு வாத்தியார்கள் என்றுதான் எழுதுவேன். இன்று ஒரு ரிமோட் காரின் வரலாறு. "எழுபத்து நாலு வயசுல உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று வீட்டில் கேட்டாகிவிட்டது. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

என் தம்பி 1974-இல் பிரான்சுக்குப் போனான். அங்கேயே வேலை, கல்யாணம், வீடு என்று ஆகிவிட்டது. 1988-இல் மகனுடைய பிறந்த நாளுக்கு ஒரு பெரிய ரிமோட் கார் வாங்கினான். முழு வண்டியாக வராது. பெட்டி நிறைய உதிரி பாகங்களாக வரும், நாம்தான் பூட்ட வேண்டும். அப்பனும் பிள்ளையும் மூன்று வாரம் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு பூட்டினார்களாம். 1991-இல் நான் போனபோது அதைப் பெருமையாக எடுத்துக் காட்டினான். நான் கேட்ட முதல் கேள்வி, என்ன விலை. சொன்னான். பிராங்கை ரூபாயாக மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, "இந்தக் காசுக்கு ஊர்ல ஒரு மொபெட்டுக்கு முன்பணம் கட்டலாமேடா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே வண்டியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. அவன் போய் மூன்று வருஷம் ஆகிறது.

போன டிசம்பரில் தம்பியின் பேரன் வாட்ஸப்பில் கூப்பிட்டான். பதினாறு வயது. மடியில் அந்த வண்டி, கையில் இரும்பு அறுக்கிற ரம்பம்.

"தாத்தா, இதை வெட்டிப் பாறை ஏறுற வண்டியா மாத்தப் போறேன்."

"தொடாதே" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார்கள்.

"சும்மாதானே தாத்தா கிடக்கு" என்றான் பையன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "ரெண்டு வாரம் டைம் குடுடா. படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். முப்பத்து நாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுதிப் பழக்கமில்லை. அப்படிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டியின் பெயர் க்ளாட் பஸ்டர். தமிழில் சொன்னால் மண்ணாங்கட்டி உடைப்பான். 1987-இல் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் வெளியிட்டது. ஆனால் கதை ஜப்பானில் தொடங்கவில்லை, அமெரிக்காவில் தொடங்குகிறது.

மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே பாப் சாண்ட்லர் என்று ஒருவர் இருந்தார். 1974-ஆம் வருஷத்து ஃபோர்டு எஃப்-250 பிக்கப் வைத்திருந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அதை மேடு பள்ளமெல்லாம் ஓட்டி அடிக்கடி உடைப்பார், உடைந்த இடத்தில் இன்னும் பெரிய சாமானைப் போடுவார். ஆக்சிலரேட்டரை அந்த மிதி மிதிக்கிற காலுக்குக் கூட இருந்தவர்கள் வைத்த பெயர் பிக்ஃபுட், அதாவது பெரிய கால். பெயர் வண்டிக்கே நிலைத்துவிட்டது. ராணுவ வண்டிகளின் அச்சுகள், பின் சக்கரத்துக்கும் ஸ்டியரிங் என்று அது வளர்ந்துகொண்டே போனது. 1981-இல் ஒரு வயலில் இரண்டு பழைய கார்களை நிறுத்தி அவற்றின் மேலேயே ஏற்றி நசுக்கினார். அடுத்த வருஷம் டெட்ராய்ட் பக்கத்து பான்டியாக் சில்வர்டோம் அரங்கத்தில் கூட்டத்தின் முன்னால் அதையே செய்தபோது டயரின் உயரம் 66 அங்குலம். நம் ஆள் ஒருவர் நிற்கிற உயரம். மான்ஸ்டர் டிரக் என்ற வேடிக்கை அமெரிக்கா முழுக்கப் பரவியது.

பெரியவர்கள் ஆடுகிற ஆட்டம் சீக்கிரமே பொம்மைக் கடைக்கு வரும். தமியா 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கிய கம்பெனி. பிறகு மரப் பொம்மைகள், அப்புறம் பிளாஸ்டிக் மாடல்கள். 1976-இல் போர்ஷே 934 என்ற அவர்களுடைய முதல் ரிமோட் கார் வந்தது. பத்து வருஷத்துக்குள் ரிமோட் கார் என்றாலே தமியா என்று ஆகிவிட்டது. மான்ஸ்டர் டிரக் மோகம் வந்ததும் அவர்களும் பெரிய டயர் வண்டிகளை இறக்கினார்கள். அவற்றில் பெரியண்ணன் இந்த க்ளாட் பஸ்டர். அளவு பத்தில் ஒரு பங்கு, மேலே ஷெவர்லே பிக்கப் உடம்பு, டயரின் விட்டம் மட்டுமே 165 மில்லிமீட்டர்.

இதன் விசேஷம் அடியில் இருந்தது. சாதாரணமாக நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் ஒரு மோட்டார் நடுவில் இருக்கும். அங்கிருந்து முன்னாலும் பின்னாலும் தண்டு ஓடிச் சக்கரங்களைச் சுற்றும். க்ளாட் பஸ்டரில் அப்படியில்லை. முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார். ஒவ்வொன்றும் அதன் அச்சின் மேலேயே, தனித்தனி கியர் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும். நடுவில் மின்கம்பியைத் தவிர ஒன்றும் போகாது. முன்னும் பின்னும் திரும்புகிற ஸ்டியரிங் வேறு. அவ்வளவு பெரிய டயர்களைச் சுற்ற இரண்டு மோட்டார் தேவைப்பட்டது, அதற்காகச் செய்த ஏற்பாடு. பாறை ஏறுவதைப் பற்றி அங்கே யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

பாறை ஏறுகிற கதை தனியாக வேறொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கலிபோர்னியாவில் சியெரா நெவாடா மலையில் ரூபிகான் பாதை என்று ஒன்று உண்டு. பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது. பல இடங்களில் வெறும் பாறைக் குவியல்தான். 1953-இல் மார்க் ஸ்மித் என்பவர் முன்னின்று, ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூரிலிருந்து தாஹோ ஏரி வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜீப்புகளை அந்த வழியே கூட்டிப் போனார். யுத்தம் முடிந்து மலிவாகக் கிடைத்த ஜீப்புகளின் காலம் அது. 1967-இல் யூட்டா மாநிலத்து மோஆப் ஊரில் ஈஸ்டர் சமயத்தில் ஜீப் பயணங்கள் தொடங்கின. அங்கே மணற்பாறை.

இந்த ஆட்டத்தில் வேகத்துக்கு மரியாதை இல்லை. நடந்து போகிறவன் வண்டியை முந்திவிடலாம். கியரை முடிந்த மட்டும் கீழே இறக்கி, டயரில் காற்றைக் குறைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் எந்தக் கல்லின் மேல் வைப்பது என்று பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். வெளியே ஒருவர் நின்றுகொண்டு "இடது, இன்னும் கொஞ்சம் இடது" என்று கையைக் காட்டுவார். நம் ஊரில் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் செய்கிற அதே வேலைதான். ஜீப் கம்பெனியே 2003-இல் ரூபிகான் என்ற பெயரில் ஒரு மாடல் விட்டது. இரண்டு அச்சிலும் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி, நாலுக்கு ஒன்று என்று வேகத்தைக் குறைக்கிற தாழ்ந்த கியர். மெதுவாகப் போவதற்காகவே காசு கொடுத்து வாங்குகிற வண்டி!

2000-ஐ ஒட்டிய வருஷங்களில் இந்த இரண்டு கதைகளும் அமெரிக்காவில் சந்தித்துக்கொண்டன. ஜீப் ஓட்டுகிறவர்களில் சிலர், ரிமோட் வண்டிக்காரர்களில் சிலர், சின்ன வண்டியைப் பாறையில் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். கடையில் அதற்கென்று வண்டி கிடையாது. பரணில் கிடந்த க்ளாட் பஸ்டரை இறக்கினார்கள். கார் நசுக்கப் பிறந்த வண்டியைப் பாறைக்குப் பழக்க அவர்கள் செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். என் பேரன் செய்ய நினைத்ததும் இதுதான்.

முதலில் டிஃபரன்ஷியல். வண்டி திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள் சக்கரம் குறைவாகப் போக வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது அந்தக் கியர்த் தொகுதி. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் சுழற்சி முழுவதும் அதற்கே போய்விடும். சேற்றில் மாட்டிய லாரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு சக்கரம் சர்ரென்று சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் சும்மா நிற்கும். பாறையில் எந்நேரமும் ஒரு சக்கரம் அந்தரத்தில்தான். எனவே அந்தக் கியர்களுக்குள் எபாக்சி பசையை ஊற்றியோ உலோகத் துண்டைச் செருகியோ அசையாமல் பூட்டிவிட்டார்கள். வண்டி முன்போல் சுலபமாகத் திரும்பாது, டயர் தேயும். பரவாயில்லை என்று விட்டார்கள்.

அடுத்தது மோட்டார். மோட்டாருக்குள் செப்புக் கம்பியைக் குறைந்த சுற்று சுற்றினால் வேகம் கூடும். அதிகச் சுற்று சுற்றினால் வேகம் குறையும், அதே மின்சாரத்துக்கு இழுவை கூடும். பந்தயக்காரர்கள் சுற்றைக் குறைத்துக்கொண்டே போனார்கள். பாறைக்காரர்கள் 55 சுற்று மோட்டாரைத் தேடி வாங்கினார்கள். சிலர் இரண்டு மோட்டாரையும் தொடராக இணைத்துப் பார்த்தார்கள். ஆளுக்குப் பாதி மின்னழுத்தம் என்பதால் வண்டி மெதுவாகும். ஆனால் ஒரு அச்சு வழுக்கினால் அது மட்டும் சுற்றும், மற்றது நின்றுவிடும். டிஃபரன்ஷியலில் ஒழித்த வியாதி கம்பி வழியாகத் திரும்பி வந்த மாதிரி.

மூன்றாவது, ரம்பத்துக்கு வேலை வைக்கிற இடம். க்ளாட் பஸ்டரின் சட்டம் தொட்டி போன்ற ஒரு பெரிய பிளாஸ்டிக். அச்சுகள் அதன் கீழ் கொஞ்சம்தான் அசையும். பாறையில் முன் அச்சு ஒரு பக்கம் சாய, பின் அச்சு எதிர்ப் பக்கம் சாய வேண்டும், நாலு சக்கரமும் கல்லைத் தொட வேண்டும். அந்தத் தொட்டியை எடுத்துவிட்டு இரண்டு அலுமினியத் தகடுகளைப் பக்கவாட்டில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு அச்சையும் நீளமான தண்டுகளால், இரு முனையிலும் பந்து மூட்டு வைத்துக் கட்டினார்கள். இங்கேதான் அந்த இரண்டு மோட்டார் கைகொடுத்தது. நடுவில் சுழலும் தண்டு இல்லாததால் வயிற்றுப் பகுதியை வேண்டிய உயரத்துக்குத் தூக்கலாம். கல்லில் இடிக்க அங்கே ஒன்றும் இல்லை. அச்சு எவ்வளவு முறுக்கினாலும் உடைய ஒரு தண்டு இல்லை. தண்டு சுழல்கிற வேகத்தில் வண்டியே ஒரு பக்கமாகச் சாய்கிற தொல்லையும் இல்லை.

பிறகு டயரும் எடையும். பழைய டயர் கெட்டி ரப்பர், கல்லைப் பிடிக்காது. அதன் பற்களைக் கத்தியால் கீறினார்கள். மெதுவான ரப்பர் டயர் கிடைத்தபோது மாற்றினார்கள். உள்ளே பஞ்சு மாதிரி ஃபோம் வைத்து, காற்று வெளியேற ஓட்டை போட்டார்கள். சக்கரத்துக்குள் ஈயத் துண்டுகளை ஒட்டினார்கள், முன் சக்கரத்தில் அதிகமாக. செங்குத்தாக ஏறும்போது முன் பக்கம் கனமாக இருந்தால்தான் வண்டி பின்னால் மல்லாக்க விழாது. பேட்டரியையும் முன்னால், தாழ்வாக இறக்கி வைத்தார்கள்.

கடைசியாக ஸ்டியரிங். ஒரே சர்வோ மோட்டார் நீளமான கம்பிகளால் முன்னையும் பின்னையும் திருப்பிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு அச்சுக்கு ஒன்றாக வலுவான சர்வோ வைத்தார்கள். இழுக்கும் மோட்டார்களுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு கொடுத்தார்கள். பின் அச்சை நிறுத்திவிட்டு முன் அச்சை மட்டும் இழுக்க விட்டால் வண்டி நின்ற இடத்திலேயே மூக்கைத் திருப்பும். ஒற்றை மோட்டார் வண்டியில் இதற்குத் தனி இயந்திரமே பூட்ட வேண்டும். இதில் இன்னொரு மின்கருவி வைத்தால் போதும்.

போட்டிகளும் வந்தன. பாறையில் இரண்டிரண்டு குறிகளாக வாசல்கள் வைப்பார்கள், அவற்றின் நடுவே போக வேண்டும். பின்னால் எடுத்தால் அபராதப் புள்ளி, குறியைத் தொட்டால் அதைவிட அதிகம், கவிழ்ந்த வண்டியைக் கையால் தூக்கினாலும் அபராதம். கோல்ஃப் மாதிரி, குறைந்த புள்ளி எடுத்தவருக்கே வெற்றி.

கம்பெனிகள் பிறகுதான் விழித்தன. கலிபோர்னியாவின் ஆக்சியல் நிறுவனம் 2007-இல் ஏஎக்ஸ்-10 ஸ்கார்ப்பியன் என்று பாறைக்கென்றே ஒரு வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு மோட்டாரும் தண்டும்தான். ஆனால் அச்சின் மேலேயே மோட்டார் என்ற ஏற்பாடு போட்டிக்காரர்களிடம் ஒரு தனி ஜாதியாக நிலைத்தது. அதே ஆக்சியலும் சில வருஷங்களில் அப்படி ஒரு வண்டி செய்தது. க்ளாட் பஸ்டரையும் தமியா சூப்பர் என்ற அடைமொழியோடு மறுபடி வெளியிட்டது. அதன் அச்சுகளுக்கு ஆள் இருந்துகொண்டே இருந்தது.

படித்து முடித்தபோது என் குறிப்பு எனக்கே எதிராக வந்து நின்றது. வெட்டாமல் பத்திரப்படுத்திய க்ளாட் பஸ்டர்கள் அலமாரியில் இருக்கின்றன. இந்த வரலாற்றை எழுதியவை வெட்டப்பட்டவைதான்.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் 'பிரிகோலாஜ்' என்று ஒரு சொல் படித்தோம். கையில் கிடைத்ததை வைத்து, வேறு எதற்கோ செய்த சாமானைக் கொண்டு, வேண்டியதைச் செய்துகொள்வது. 1962-இல் வந்த தன் புத்தகம் ஒன்றில் லெவி-ஸ்ட்ராஸ் இதைச் செய்கிறவனை இன்ஜினியருக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவார். இன்ஜினியர் வேலைக்கு ஏற்ற சாமானைச் செய்வான். இவன் இருக்கிற சாமானுக்குள் வேலையைத் தேடுவான். அந்தப் பக்கங்கள் அப்போது எனக்குப் புரியவில்லை. அமெரிக்கக் கொல்லைப்புறத்துப் பசையும் ஈயமும் இப்போது புரியவைத்தன.

பையனைக் கூப்பிட்டேன். "வெட்ட வேண்டியதே இல்லடா. அச்சு ரெண்டும் திருகாணியிலதான் நிக்குது. கழட்டு. பழைய சட்டத்தையும் உடம்பையும் பெட்டியில வை. அலுமினியத் தகடுல புதுச் சட்டம் பண்ணு" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "டிஃபரன்ஷியல்ல பசை ஊத்தணும் தாத்தா. ஊத்தினா திரும்ப எடுக்க முடியாது."

"ஊத்து" என்றேன். சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கழற்றும்போது மறுபடி கூப்பிட்டான். பின் பக்கத்து ஸ்டியரிங் கம்பியைக் கேமராவுக்குக் காட்டி, "இது கிட்ல வந்த சாமான் இல்ல தாத்தா, என்ன இது?" என்றான். பார்த்ததுமே தெரிந்தது. சைக்கிள் ஆரக்கம்பி. முனையில் மரையோடு இருந்தது, மறுமுனையைக் குறட்டால் வளைத்திருந்தான் என் தம்பி. முத்தியால்பேட்டையில் நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது உடைந்த சாமான் எல்லாவற்றுக்கும் அவன் கண்டுபிடிக்கிற மருந்து ஆரக்கம்பிதான். 1991-இல் நான் விலையைக் கேட்காமல் வண்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்திருந்தால் அன்றே பார்த்திருப்பேன்.

புது வண்டி பிப்ரவரியில் தயாரானது. வீட்டுக்குப் பின்னால் கொட்டியிருந்த பாறாங்கற்களின் மேல் ஏற்றி வீடியோ அனுப்பினான். மூன்றாவது கல்லில் மல்லாக்கக் கவிழ்ந்தது, கையால் தூக்கி வைத்தான். "இது அபராதம்" என்று பதில் அனுப்பினேன். முன் சக்கரத்தில் ஈயம் போதவில்லை என்றும் எழுதினேன். அடுத்த வீடியோவில் மூன்றாவது கல் தாண்டியிருந்தது. பின் ஸ்டியரிங்குக்கு அதே ஆரக்கம்பியைத்தான் போட்டிருக்கிறான். "ஏன்டா, புதுசு வாங்கலையா?" என்றேன். "இதுவே நல்லா இருக்கு தாத்தா" என்றான்.